டவர் தலைவலி தருமா?
ரேடியோ அலையும் நம் உடம்பும்



போன வருடம் ஆடி மாதம் எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டின் மேல் செல்போன் டவர் ஏறியது. ஏறிய ஒரே மாதத்தில் தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வாடகை வாங்கும் வீட்டுக்காரர் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் மறுபக்கம். மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் அந்த மனு என்னிடம் வந்து நின்றது. கொண்டு வந்தவர் நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தை. சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டே பழக்கம்.

"ஏம்பா, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? இந்த டவர் வந்ததிலேர்ந்து எனக்கு ஒரே தலைவலி. ராத்திரில தூக்கமே இல்ல. கேன்சர் வருமாமே, நெஜமா? நீ சொன்னாதான் நம்புவேன்."

நான் விழித்தேன். மாடுலேஷன் பற்றிக் கேட்டால் படம் போட்டுப் பத்து மார்க் வாங்கிவிடுவேன். யாகி ஆண்டெனாவுக்கு எத்தனை எலிமெண்ட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலை ஒரு மனுஷி மேல் பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதிய எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. "படிச்சிட்டுச் சொல்றேன் அத்தை" என்று தப்பித்தேன். பிறகு நிஜமாகவே படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் தெருவிலும் ஓர் அத்தை கேட்பார். அப்போது நீங்களாவது விழிக்காமல் இருக்க வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. கல்பாக்கம் என்றாலும் கதிர்வீச்சு என்கிறோம், எக்ஸ்ரே என்றாலும் கதிர்வீச்சு என்கிறோம், செல்போன் என்றாலும் கதிர்வீச்சுதான். ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தால் ஒருவன் செய்த தப்புக்கு இன்னொருவன் அடி வாங்குவான் அல்லவா? அதுதான் இங்கே நடக்கிறது.

மின்காந்த அலை எல்லாமே துகள் துகளாகத்தான் ஆற்றலைக் கொடுக்கும். ஒவ்வொரு துகளின் ஆற்றலும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நம் உடம்பில் உள்ள ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எக்ஸ்ரே துகளிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதனால் அது அணுவை உடைக்கும், மரபணு இழையை அறுக்கும், அதன் வழியாகப் புற்றுநோய்க்கும் காரணம் ஆகலாம்.

900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் துகளிடம் இருப்பது எவ்வளவு? ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் நாலு பங்கு கூட இல்லை. கார்த்திகை தீபத்தன்று நம் மலை உச்சியில், 2,668 அடி உயரத்தில் ஏற்றுகிற தீபத்தின் மஞ்சள் ஒளியும் மின்காந்த அலைதான். அந்த ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் செல்போன் துகளைப் போல ஐந்து லட்சம் மடங்குக்கு மேல்! அந்த ஒளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே தவிர, பயந்து ஓடுவதில்லை.

சின்னத் துகள்கள் கோடி கோடியாக வந்தால் சேர்ந்து உடைக்காதா என்று நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பத்தடி மதிலைத் தாண்ட வேண்டும். ஓர் அடி எம்பக்கூடியவன் ஆயிரம் தடவை எம்பினாலும் தாண்ட முடியாது, வியர்த்துத்தான் போவான். ரேடியோ அலையும் அப்படித்தான். அணுவை உடைக்காது. ஆனால் உடம்பைச் சூடாக்கும். அந்த "வியர்வை"தான் இனிமேல் நம் பாடம்.

தண்ணீரைப் பிடித்து ஆட்டும் அலை

3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 300 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ரேடியோ அலை என்று சொல்கிறோம். நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேச 18.2 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்புகிறது. திருப்பதிக்குப் பக்கத்தில் கடங்கி ரேடார், வானத்தின் காற்றோட்டத்தை ஆராய 53 மெகாஹெர்ட்ஸில் 25 லட்சம் வாட் உச்ச சக்தியில் துடிப்பு அனுப்பும். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறது, ஒன்றும் அனுப்புவதில்லை. செல்போன் 700-லிருந்து 3,600 மெகாஹெர்ட்ஸுக்குள் பல பட்டைகளில் ஓடுகிறது.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனையில் பிளஸ், மறு முனையில் மைனஸ். அதாவது அது ஒரு குட்டி டைபோல். அலையின் மின்புலம் ஒரு விநாடியில் கோடிக்கணக்கான தடவை திசை மாறும்போது இந்த டைபோல்களும் கூடவே திரும்பப் பார்க்கும். பக்கத்தில் இருப்பதோடு உரசும். உரசினால் சூடு. அதோடு உப்பின் அயனிகள் அங்குமிங்கும் ஓடி இன்னும் சூடேற்றும். மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது இப்படித்தான். 1945-ல் அமெரிக்காவில் ரேடார் வால்வுக்குப் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சர் என்ற எஞ்சினியர், பாக்கெட்டில் இருந்த சாக்லேட் உருகியதைக் கவனித்ததில் பிறந்தது அந்த அடுப்பு என்பார்கள்.

அதே 2,450-ஐ ஒட்டிய பட்டையில்தான் வைஃபையும் ஓடுகிறது. ஆனால் அடுப்பில் 800 வாட், அதுவும் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்தது. வைஃபையில் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் நாலு பக்கமும் சிதறுவது. அகல் விளக்கும் செங்கல் சூளையும் இரண்டுமே நெருப்புதான். ஆனால் அகல் விளக்கில் செங்கல் வேகாது.

அலை உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதும் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் சதைக்குள் சில சென்டிமீட்டர். அதிர்வெண் ஏற ஏற ஆழம் குறையும். "5ஜி உள்ளே ஊடுருவும்" என்று பயமுறுத்துகிறார்களே, அதில் 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பங்கு தோலின் முதல் ஒரு மில்லிமீட்டரிலேயே அடங்கிவிடும்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், மூன்று சுவர்களையும், கூட்டத்துக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டி அலையை அனுப்பி மறு அறையில் மணி அடிக்க வைத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. போஸ் ஆராய்ந்தவை மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அலைகள். அன்று வந்தது அந்த அலைதான் என்றால், கவர்னரின் உடம்பைத் துளைத்ததை விடச் சுற்றி வளைத்துப் போனதற்கே வாய்ப்பு அதிகம் என்று இன்று நாம் சொல்லலாம். கவர்னருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை!

இன்னொரு வேடிக்கை: நாமே ஓர் ஆண்டெனா. நின்றுகொண்டிருக்கும் சராசரி மனிதனின் உயரம் ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ் அலையோடு ரெசொனன்ஸ் ஆகிறது. அதனால்தான் சர்வதேச வரம்பு 10-லிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மிகக் கடுமையாக, சதுர மீட்டருக்கு 2 வாட் என்று வைக்கப்பட்டது. எஃப்.எம். ஒலிபரப்பு இந்தப் பட்டைக்குள்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியிலும் இதே அலை

அலை உடம்பைச் சூடாக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். முதுகுவலி, தோள்வலிக்கு "கரண்ட் வைக்கிறது" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, அதில் ஒரு வகை ஷார்ட்வேவ் டயாதெர்மி. 27.12 மெகாஹெர்ட்ஸ். சதைக்குள் ஆழத்தில் இதமான சூடு. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், உள்ளே உலோகத் தகடு வைத்த இடத்திலும் அதை வைக்க மாட்டார்கள். காரணம் நமக்குப் புரியும்.

ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் வராமல் வெட்டும் டயாதெர்மி கத்தியும் ரேடியோ அலைதான். 1926-ல் அமெரிக்காவில் போவி செய்து கொடுத்த கருவியைக் கஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் பயன்படுத்தியதிலிருந்து அது பரவியது. இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு, ரத்தக்குழாய் வழியாக ஒயரை விட்டு, தப்பான சிக்னல் அனுப்பும் இடத்தை மட்டும் ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸில் சுட்டு அணைக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும், 1.5 டெஸ்லா காந்தம் என்றால் 64 மெகாஹெர்ட்ஸ் அலை நம் மேல் பாய்கிறது.

இ.இ.இ. நண்பர்கள் கேட்பார்கள்: 50 ஹெர்ட்ஸ் பட்டால் தூக்கி எறிகிறதே, 500 கிலோஹெர்ட்ஸ் பட்டால் ஷாக் அடிக்காதா? அடிக்காது. நரம்பு அவ்வளவு வேகமாகத் துடிக்க முடியாது. ஒரு பக்கம் தள்ளுவதற்குள் மறுபக்கம் இழுத்துவிடுகிறது, நரம்பு சும்மா இருக்கிறது. 1890-களிலேயே பிரான்சில் தார்சோன்வால் இதைக் கண்டு சொன்னார். ஷாக் அடிக்காது, ஆனால் சுடும். மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு வரம்பு?

உடம்பில் ஒரு கிலோ சதை எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதுதான் அளவுகோல். அதற்குப் பெயர் எஸ்.ஏ.ஆர். மின்புலத்தின் வர்க்கத்தைச் சதையின் கடத்துதிறனால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்தால் வரும்.

முழு உடம்பும் கிலோவுக்கு 4 வாட் வீதம் அரை மணி நேரம் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். விலங்குகளில் தெளிவான பாதிப்பு தெரிய ஆரம்பிப்பதும் அந்தக் கட்டத்தில்தான். அதில் பத்தில் ஒரு பங்கு, 0.4 வாட், தொழிலாளிக்கு வரம்பு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு, 0.08 வாட், பொதுமக்களுக்கு. செல்போன் போலத் தலையில் ஒரு இடத்தில் படுவதற்குத் தனி வரம்பு. இந்தியா 2012 செப்டம்பர் 1-லிருந்து அதை ஒரு கிராம் சதையின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட் என்று வைத்தது. உங்கள் போனில் *#07# என்று அழுத்திப் பாருங்கள், பல போன்களில் அந்த போனின் அளவு திரையில் வரும்.

1.6 வாட் என்றால் எவ்வளவு சூடு? சதையின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 ஜூல். ஆறு நிமிடம் பேசினால், ரத்தமே ஓடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 0.16 டிகிரிதான் ஏறும். ரத்தம்தான் ஓடிக்கொண்டே இருக்கிறதே! ஆட்டோமொபைல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: எஞ்சினுக்கு ரேடியேட்டர் தண்ணீர் எப்படியோ, சதைக்கு ரத்தம் அப்படி. பேசி முடித்ததும் காது சுடுகிறதே என்பீர்கள். அதில் பெரும்பங்கு போனின் பேட்டரியும் சர்க்யூட்டும் தரும் சூடு, காதை மூடி வைத்ததால் காற்று படாத சூடு.

ரேடியேட்டர் தண்ணீர் போகாத இடம் உடம்பில் உண்டா? உண்டு. கண்ணின் லென்ஸ். அதில் ரத்தக்குழாய் கிடையாது, சூட்டை வெளியேற்ற வழி குறைவு. மிகப் பலமான மைக்ரோவேவ் பட்ட முயல்களுக்குக் கண்புரை வந்தது சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. ஆணின் விரைகளும் சூட்டைத் தாங்காத இடம். பலமான அலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

நம் மைக்ரோவேவ் லேப்பில் கிளிஸ்ட்ரான் பெஞ்ச் வைத்திருக்கிறோமே, "வேவ்கைடு வாய்க்குள்ள எட்டிப் பாக்காதே" என்று எல்லா லேபிலும் சொல்வார்கள். மெனக்கெட்டுக் கணக்குப் போட்டேன். வெளிவருவது 10 மில்லிவாட் என்று வையுங்கள். வாயின் பரப்பு 2.3 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 43 வாட்! அந்த அதிர்வெண்ணில் பொதுமக்களுக்குச் சர்வதேச வரம்பு 10 வாட். மொத்தச் சக்தியே 10 மில்லிவாட் என்பதால் கண் போய்விடாது. வரம்பும் பரந்த இடத்தில் படும் சராசரிக்குச் சொன்னது. ஆனாலும் சின்ன ஆண்டெனாவின் வாய் பெரிய டவரை விடப் பலமாக இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. எல்லாம் தூரத்தைப் பொறுத்தது.

தீபமும் டவரும்

மகாதீபத்தன்று உச்சியில் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அனல் தாங்காது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவருக்கு அதே தீபம் ஒரு பொட்டு வெளிச்சம். தீபம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒரு பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று.

இதை வைத்து எங்கள் தெரு டவருக்குக் கணக்குப் போட்டேன். ஒரு கேரியருக்கு 20 வாட், ஆண்டெனா கெயின் 17 டெசிபல், அதாவது 50 மடங்கு. ஆக, பீம் பார்க்கும் திசையில் 1,000 வாட் போல. 50 மீட்டரில் நேர் பீமில் நின்றால் 1,000-ஐ 4π × 2,500-ஆல் வகுக்க, சதுர மீட்டருக்கு 0.03 வாட். நாலு கேரியர் என்றால் 0.13 வாட். 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சர்வதேச வரம்பு 4.5 வாட். இந்தியா 2012-ல் அதைப் பத்தில் ஒன்றாக, 0.45 வாட்டாகக் குறைத்தது. கடுமையான அந்த வரம்பை வைத்துப் பார்த்தாலும் எங்கள் டவர் 50 மீட்டரில் உள்ளேதான் இருக்கிறது.

அந்த 0.13 வாட்டில் அத்தை மேல் முழுசாகப் படுவது, அவர் உடம்பின் பரப்பை முக்கால் சதுர மீட்டர் என்று எடுத்தால், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறத்தாழ 80 வாட் சூட்டை உண்டாக்குகிறது. சித்திரை வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 10 மீட்டரில், அதே உயரத்தில், நேர் எதிரே ஒரு மாடி இருந்தால்? ஒரு கேரியருக்கே 0.8 வாட் வருகிறது. இந்தச் சூத்திரம் கிட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே காட்டும், இருந்தாலும் அது வரம்பைத் தாண்டக்கூடிய இடம். அதனால்தான் 2013-ல் தொலைத்தொடர்புத் துறை தந்த வழிகாட்டுதல், ஆண்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருந்தால் 2 ஆண்டெனாவுக்கு 35 மீட்டர், 12 ஆண்டெனாவுக்கு 75 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது.

டவருக்கு நேர் கீழே இருப்பவர்தான் பாவம் என்று நினைக்கிறோம். அது தப்பு. ஆண்டெனா டார்ச் லைட் மாதிரி முன்னால் பார்க்கும், அடியில் பார்க்காது. விளக்கடியில் இருட்டு. பயப்பட வேண்டியது கீழே இருக்கும் வீட்டுக்காரர் அல்ல, எதிரே அதே உயரத்தில் மாடி கட்டப் போகிறவர்.

ஆகவே "டவர் வேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக மனு எழுதுவதை விட, "எதிர் மாடியில் அளந்து காட்டுங்கள்" என்று எழுதுவது கெட்டிக்காரத்தனம். 2017-ல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளம் இதற்காகத்தான். டவர் விவரம் பார்க்கலாம், கட்டணம் கட்டி அளந்து தரக் கேட்கலாம் என்ற ஏற்பாடு அதில் வைக்கப்பட்டது.

டவரை விரட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். டவர் தூரமாகப் போனால், நம் கையிலுள்ள போன் எட்டிப் பேசுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டும். 4ஜி போனின் உச்சம் ஏறத்தாழ 200 மில்லிவாட். சிக்னல் நன்றாக இருந்தால் அதில் சின்னப் பங்குதான் செலவாகும். ஒரு கட்டிச் சிக்னலில் காதோடு ஒட்டிப் பேசுகிறவர் தலை வாங்கும் சக்தி, 50 மீட்டர் டவரிலிருந்து வருவதை விடப் பல மடங்கு. சிக்னல் இல்லாத இடத்தில் நீளமாகப் பேசாதீர்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் இயர்போன் மாட்டிப் போனைத் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் போனை மார்பிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சட்டைப் பை அவர்களுக்கு ஆகாது.

கேன்சர் வருமா?

அத்தை கேட்ட முக்கியமான கேள்வி இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

2011 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடியோ அலையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. அன்று முதல் ஆரம்பித்தது பீதி. அந்தப் பட்டியலில் ஆசிய நாடுகளின் மரபுவழிக் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. 2பி என்றால் "சந்தேகம் இருக்கிறது, சாட்சி போதாது" என்று அர்த்தம்.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? 13 நாடுகள் சேர்ந்து செய்த இன்டர்ஃபோன் ஆய்வு 2010-ல் வந்தது. மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. ஆனால் மிக அதிகமாக, மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் ஒருவகை மூளைக்கட்டி கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பத்து வருடம் முன்னால் எவ்வளவு பேசினாய் என்று நோயாளியை ஞாபகத்திலிருந்து கேட்டு எடுத்த கணக்கு என்பதால், அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2018-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம், எலிகளுக்குத் தினம் 9 மணி நேரம், இரண்டு வருடம், முழு உடம்புக்கும் பலமான அலை கொடுத்தது. ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அலை பட்ட அந்த ஆண் எலிகள் படாத எலிகளை விட அதிக நாள் வாழ்ந்தன! 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு வந்த தொகுப்பாய்வு 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று முடித்தது.

கோர்ட்டுகளும் ஒரே மாதிரி பேசவில்லை. 2012-ல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, ஆஸ்பத்திரிகளிலிருந்து டவரை எடுக்கச் சொன்னது. 2017-ல் உச்சநீதிமன்றம் குவாலியரில் ஒரு நோயாளியின் மனுவில் ஒரு டவரை நிறுத்தச் சொன்னது. 2021-ல் 5ஜிக்கு எதிராக நடிகை ஜூஹி சாவ்லா போட்ட வழக்கை டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளியது. கோர்ட் முன்ஜாக்கிரதையைப் பார்க்கும், விஞ்ஞானம் சாட்சியைப் பார்க்கும். 2018-ல் வந்த "2.0" படத்தில் போன்கள் பறந்ததைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு ஒன்று: அது ஷங்கரின் கற்பனை, ஆய்வு அறிக்கை அல்ல.

ஏறி நிற்பவன் யார்?

இதுவரை படித்ததும் "அப்பாடா, ஆபத்தே இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

டவருக்காகத் தெருவில் எல்லோரும் சண்டை போட்டார்கள். ஆனால் அந்த டவரில் ஏறி ஆண்டெனாவை முடுக்கியவனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவன் யார் தெரியுமா? நம்மைப் போல டிப்ளமோ முடித்தவன். நாளைக்கு நீங்களும் நானும்.

நம்மை விட மூத்த செட் அண்ணன் ஒருவர் ஒரு கான்ட்ராக்டரிடம் டவர் வேலை பார்த்தார். "ஆஃப் பண்ணா நெட்வொர்க் போயிடும், பத்து நிமிஷ வேலைதானே, ஏறிட்டு வா" என்றார்களாம். ஏறினார். பேனல் ஆண்டெனாவுக்கு நேர் முன்னால் கையை நீட்டி வேலை செய்தார். முன்கை உள்ளுக்குள் கதகதவென்று ஆனது. வெயில் என்று நினைத்தாராம். மணி அப்போது சாயங்காலம் ஆறரை!

50 மீட்டரில் 0.13 வாட்டாக இருந்தது, ஆண்டெனாவின் முகத்துக்கு எதிரே பல நூறு மடங்கு. தொழிலாளிக்கு வரம்பு பொதுமக்களைப் போல ஐந்து மடங்குதான், அதாவது சர்வதேசக் கணக்கில் 900 மெகாஹெர்ட்ஸுக்கு 22.5 வாட். முன்னால் நின்றால் அது தாண்டிவிடும். இன்னொரு கெடுதல்: சூட்டை உணரும் நரம்புகள் தோலில்தான் அதிகம். அலை ஆழத்தில் சூடாக்கும்போது உடம்பு தாமதமாகத்தான் கத்தும். "சுட்டா கையை எடுத்துக்கலாம்" என்ற கதை இங்கே செல்லாது.

ஆகவே வேலைக்குப் போகும் தோழர்களே, நாலு விஷயம்.

ஒன்று: முன்னால் போக வேண்டும் என்றால் அந்த செக்டாரை ஆஃப் செய்யச் சொல்லுங்கள், அல்லது சக்தியைக் குறைக்கச் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரியும். தனியாகக் கேட்க முடியாவிட்டால் கூட இருப்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். பேனலின் பின்பக்கம் அலை மிகக் குறைவு. பின்னாலிருந்து முடியும் வேலையைப் பின்னாலிருந்தே செய்யுங்கள். சட்டையில் மாட்டும் அளவுமானி இருந்தால் கேட்டு வாங்குங்கள். இடுப்புப் பெல்ட்டும் கொக்கியும் அதைவிட முக்கியம். டவரில் அலையை விட விழுந்து போகும் உயிர்தான் பெரிய பயம்.

இரண்டு: மீடியம் வேவ் ரேடியோ நிலையத்தில் மாஸ்ட் ஆண்டெனாவைத் தாங்கும் கம்பம் இல்லை, மாஸ்டே ஆண்டெனா. இன்சுலேட்டர் மேல் நிற்கும் அந்த இரும்பைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று முன்னால் சொன்னேனே, ஆனால் தொட்ட இடம் வெந்துபோகும். பக்கத்தில் நிற்கும் கிரேன் கொக்கி கூட அப்படிச் சுடும்.

மூன்று: மழைக்கோட்டு, பி.வி.சி. பை ஒட்டும் மெஷின்கள் 27.12 மெகாஹெர்ட்ஸில் பல கிலோவாட்டில் ஓடுபவை உண்டு. அதன் உலோக மறைப்பு வேகத்துக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்து ஓட்டுவார்கள். அந்த மறைப்பு அழகுக்கு வைத்தது அல்ல. மாட்டிவிட்டு ஓட்டுங்கள்.

நாலு: லேப்பில் ஹார்ன் வாயையும் வேவ்கைடு வாயையும் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். அங்கே 10 மில்லிவாட் ஒன்றும் செய்யாது. ஆனால் பழக்கம் கூடவே வரும். நாளைக்கு ரேடார் முன்னால் நிற்கும்போது அந்தப் பழக்கம்தான் கண்ணைக் காப்பாற்றும்.

அத்தைக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் படித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். "அத்தை, டவர் உங்க வீட்டுக்கு நேரா இல்ல. தூரமும் இருக்கு. கேன்சருக்குச் சாட்சி இல்ல" என்றேன்.

"அப்ப என் தலைவலி பொய்யா?" என்றார்.

அங்கே நான் தப்பு செய்யவில்லை. தலைவலி பொய் இல்லை. அலை ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் உட்கார வைத்துச் சோதித்தபோது, "எனக்கு அலை பட்டால் தெரியும்" என்று சொன்னவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவர்கள் வலி உண்மை. பயமும் வலி தரும். வேறு நோயும் தரும். "வலி நெஜம் அத்தை. காரணம் வேற இருக்கும். டாக்டர்கிட்ட போவோம்" என்றேன். முதலில் முனகினார், பிறகு வந்தார். ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக இருந்ததோ தெரியாது. டவர் மேல் பழி போட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். தூங்குகிறார். டவர் அதே இடத்தில்தான் நிற்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதே சமயம் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றும் நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோ அலை விஷயத்தில் இரண்டு பழமொழியும் தேவை. முதலாவது தெருவில் இருப்பவர்களுக்கு, இரண்டாவது டவரில் ஏறப்போகும் நமக்கு.

நாம் வாழ்வது அக்னித் தலம். நெருப்பை எவ்வளவு தூரத்தில் நின்று கும்பிட வேண்டும் என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத நெருப்புக்கும் அதே தூரத்தைக் கணக்குப் போட்டுக் கடைப்பிடிப்போம். கணக்கு தெரிந்தவர்கள் நாம். கேட்கிறவர்களுக்குச் சொல்வோம்.

— இறுதியாண்டு மாணவன்,
எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் பிரிவு